நினைவுக்கல்லின் முன்

குற்றால அருவியில் நீராடச் செல்வோர் பலர் தென்காசிக் கோயிலையும் கண்டு வருகின்றனர். பதினைந்தாம் நூற்றாண்டில் அதனை எழுப்பிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் அதைப் பழுதுபார்த்துக் காப்போரின் பாதங்களைப் பணிவதாகக் கல்லில் பொறித்தான். அவ்வரிகள் வருவோரின் மனச்சான்றோடு பேசுகின்றன. நினைவுக்கல்லின் பணியும் அதுவே.

அவ்வாறாயின், தொடக்ககாலக் கருத்தடை நிலையம் ஒன்று இருந்த இடத்தை நினைவூட்டும் கல்லை நாம் எவ்வாறு நோக்குவது? 1921இல் மேரி ஸ்டோப்ஸ் லண்டனிலும், ரகுநாத் தோண்டோ கார்வே பம்பாயிலும் இத்தகைய நிலையங்களைத் திறந்தனர். 1968இல் திருத்தந்தை ஆறாம் பவுலின் சுற்றுமடல் செயற்கைக் கருத்தடையை ஏற்க மறுத்தது. ஆகவே அக்கல்லைப் பாராமல் கடந்துவிடலாமா?

கடக்கலாகாது. அந்நிலையங்களை நாடி வந்தோருள் அடுத்தடுத்த பேறுகளால் உடல் நைந்த அன்னையர் பலர். அவர்தம் துயர் அங்கே செவிமடுக்கப்பட்டது. நம் இல்லங்களில் செவிமடுக்கப்பட்டதா?

கல் சொல்லாமல் விடுவதையும் நாம் காணவேண்டும். 'தகுதியற்றோர்' பிள்ளை பெறலாகாது என்ற கொள்கையை ஸ்டோப்ஸ் பரப்பினார்; அதன் பொருட்டே அவர் பெயரைத் தாங்கிய நிறுவனம் 2020இல் அப்பெயரைக் கைவிட்டது. நம் நாட்டில் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77இல் மட்டும் ஏறத்தாழ 83 இலட்சம் பேருக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சை நடந்தது. வற்புறுத்தலுக்கு ஆளானோர் பெரும்பாலும் ஏழைகள்.

நினைவுகூர்தல் வேறு, ஏற்றுக்கொள்ளுதல் வேறு. அன்னையரின் துயரையும் ஏழைகளின் அவமானத்தையும் ஒருங்கே கூறும் கல்லின் முன் நாமும் தலைவணங்கி நிற்கலாம். போதனையைக் காப்பது நம் கடமையெனில், அதன் சுமையைத் தாங்கும் பெண்ணுக்குத் துணைநிற்பதும் நம் கடமையே.