அவள் சாப்பிட்டு முடித்த பிறகு

செய்யாறு பக்கத்தில் எங்கள் ஊர். திரௌபதியம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. ஊர் உறங்கும் நேரத்தில் தொடங்கும் கூத்து விடிந்த பிறகுதான் முடியும். அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு, காதோரம் சிவப்பு மிச்சமிருக்க, கூத்தாடிகள் வீடு வீடாகப் பிரிந்து போவார்கள். யார் வீட்டில் யார் தங்குவது, யார் சோறு போடுவது என்று பெரியவர்கள் முன்பே முறை வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டு முறை வந்தால் அப்பா தெருவில் நிமிர்ந்து நடப்பார். அம்மா முந்தின நாளே முறத்தோடு உட்கார்ந்துவிடுவாள்.

அம்மாவை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பாள். ஆனால் முடியாது என்று சொல்ல இடமில்லாத ஒருத்தியின் சரிக்கு என்ன மதிப்பு? மறுக்க வழியில்லாமல் செய்வதை அறம் என்று சொல்லலாமா, வேலை என்று சொல்லவேண்டுமா? வகுப்பில் விருந்தோம்பல் அதிகாரம் நடத்தும் ஒவ்வொரு ஆண்டும் இந்த இடத்தில் தடுமாறுகிறேன். பத்துக் குறள்கள். விருந்தினர் முகம் வாடுவது வரை வள்ளுவர் யோசித்திருக்கிறார். அடுப்பின் முன் நிற்பவள் முகத்தைப் பற்றி ஒன்றும் இல்லை.

தொல்காப்பியர் அவளை மறக்கவில்லை. கற்பியலில் விருந்தினரைப் பேணுவதை மனைவியின் மாண்புகளில் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறார். அதே கற்பியலில் ஊடலைத் தீர்க்கும் வாயில்களின் பட்டியலில் பாணனும் கூத்தரும் விறலியரும் விருந்தினரும் வருகிறார்கள். பரத்தையிடமிருந்து திரும்பும் தலைவன் விருந்தினரோடு வீட்டுக்குள் நுழைந்தால் போதும், தலைவி கோபத்தை விழுங்கிக்கொண்டு சிரிக்கவேண்டும். மாணவர்களுக்கு இதை நயம் என்று சொல்லிக்கொடுத்த காலம் எனக்கும் உண்டு. கண்ணகியோ, கோவலன் பிரிந்திருந்த காலத்தில் விருந்தினரை எதிர்கொள்ளும் பேற்றை இழந்ததைச் சொல்லி வருந்துகிறாள். வீடு இருந்தது, சோறு இருந்தது, அவளும் இருந்தாள். கணவன் இல்லாததால் விருந்தளிக்கும் தகுதி மட்டும் இல்லை. வீட்டுக்கு அதிபதியாக இருப்பவனே விருந்தளிக்க முடியும் என்ற சிக்கலைத் தெரிதா நம் காலத்தில் எழுதினார். கண்ணகியைப் படித்தவர்களுக்கு அது புதிதில்லை.

அம்மாவை வெறும் அடிமையாக எழுதிவிட்டு நகரவும் முடியவில்லை. பாஞ்சாலி வேஷம் கட்டுபவர் எங்கள் வீட்டில் தங்கினால் அவளுக்குத் தனி மகிழ்ச்சி. விடியற்காலையில் அடுப்பு மூட்ட வேண்டும் என்பதால் அம்மா ஒரு நாளும் முழுக் கூத்துப் பார்த்ததில்லை. மத்தியானம் தூங்கி எழுந்து அவர் சமையலறை வாசலில் உட்கார்ந்து, விட்டுப்போன கதையைச் சொல்வார். "துகிலுரிஞ்சப்புறம் சபையில என்னா கேட்டா தம்பி?" என்று அம்மா கேட்பாள். அவர் மெதுவாக, வேஷமில்லாமல், லுங்கியோடு, பாஞ்சாலியின் கேள்வியைப் பாடிக்காட்டுவார். குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். அம்மாவுக்கு அந்த விருந்தில் கிடைத்தது அதுதான். அதற்கு நான் விலை போட முடியாது.

யாருக்காக அந்தத் திருவிழா நடந்ததோ அந்தத் திரௌபதியும் விருந்தில் மாட்டிக்கொண்டவள். வனவாசத்தில் சூரியன் தருமனுக்கு அட்சயப் பாத்திரம் தருகிறான். திரௌபதி சாப்பிடும்வரை அதில் அன்னம் வற்றாது. அவள் சாப்பிட்டுவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். அவள் சாப்பிட்டு முடித்த பிறகு துர்வாசர் சீடர்களோடு வந்து நிற்கிறார். கிருஷ்ணன் வந்து பாத்திரத்தில் ஒட்டிய கீரையைத் தின்று காப்பாற்றுவதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதற்கு முந்தைய நொடி போதும். ஒரு பெண் சாப்பிட்டுவிட்டாள், அதனால் குலத்துக்கே ஆபத்து. எங்கள் வீட்டில் அம்மா கடைசியில் சாப்பிட்டதற்கு இதைவிடப் பழைய காரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் எழுதியாக வேண்டும். அதே திருவிழாவுக்குப் பறை அடிக்க வந்தவர்களுக்கு முறை வைத்து வீடு கிடையாது. புளியமரத்தடியில் உட்காருவார்கள், சோறு அங்கே போகும். 1990களின் தொடக்கத்தில், பன்னிரண்டு வயதில், செம்பைத் தூக்கிப் பிடித்து அவர்கள் கைகளில் தண்ணீர் ஊற்றியவள் நான். கை படாமல் ஊற்றச் சொல்லிக்கொடுத்தது அம்மா. மறுக்க முடியாதவளுக்கும் மறுப்பதற்கு ஆட்கள் இருந்தார்கள். அவளுடைய அன்பை நினைக்கும்போதெல்லாம் அந்தச் செம்பும் நினைவுக்கு வருகிறது. ஒன்றை வைத்து மற்றதைக் கழிக்க எனக்குத் தெரியவில்லை.

இப்போது பெண்களும் வேஷம் கட்டுகிறார்கள். காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் இயங்கிய கட்டைக்கூத்து குருகுலத்தில் பெண்பிள்ளைகளும் ஆடிப் பாடப் பயின்றார்கள். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரி விழாவுக்குக் கூத்தாட வந்த குழுவில் இரண்டு பெண்கள். நான் தனியாக வாடகை வீட்டில் இருக்கிறேன். என்னோடு தங்கட்டும் என்றேன். வீட்டுக்கார அம்மா படியில் மறித்தார். "ஆம்பள இல்லாத வீடும்மா. கூத்தாடுறவங்கள ராத்தங்க வச்சா நாலு பேர் என்ன பேசுவாங்க?" கண்ணகி ஞாபகம் வந்தது. வாடகை நான் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர்களை உள்ளே அழைத்துப்போனேன். அந்தப் பதில் இன்றும் எனக்கு உறுத்துகிறது. பணம் பேசாமல் என் வாசலை நான் திறந்திருக்க முடியாதா?

துரியோதனன் கட்டிய பெண், கூத்து முடிந்து வந்து இரண்டு மணி நேரம்கூடத் தூங்கியிருக்க மாட்டாள். எழுந்து வந்து, "தொடப்பம் எங்க மேடம் இருக்கு?" என்றாள். படும்மா என்றேன். "பசங்க தங்குற எடத்துல மத்தியானம் வரைக்கும் தூங்குவாங்க மேடம். நாங்க தூங்குனா, பொட்டப்புள்ளைங்களுக்கு இவ்ளோ தூக்கமான்னு கேப்பாங்க" என்று சிரித்தாள்.

துடைப்பத்தை நான் எடுத்துக்கொடுக்கவில்லை. மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்பதற்காகத் தோசைகளை எல்லாம் சுட்டு முடித்த பிறகு உட்கார்ந்தோம். தோசை ஆறிப்போயிருந்தது.