அமைதியும் அடங்கிப்போதலும்

மாவோரி மொழியில் 'ரோங்கோ' என்றொரு சொல் உண்டு. கேட்டல் என்பது அதன் ஒரு பொருள். அமைதி என்பது மற்றொரு பொருள். பயிர்த்தொழிலுக்கும், அம்மக்களின் முதன்மை உணவுகளுள் ஒன்றாயிருந்த 'கூமரா' என்னும் சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கும் உரிய தெய்வத்தின் பெயரும் அதுவே. செவியும் வயலும் அமைதியும் ஒரே சொல்லுக்குள் வந்து கூடியது எவ்வாறு என்பதை மொழிநூலார் ஆராயட்டும். கேள்விக்கென்று தனி அதிகாரம் வகுத்த குறளைப் போற்றும் தமிழர்க்கு, கேட்கத் தெரிந்தவனுக்கே அமைதி கைகூடும் என்னும் எண்ணம் அயலதாகத் தோன்றாது.

மாவோரியரின் ஊர்மன்றமாகிய 'மராயே'யின் அமைப்பிலும் இவ்வெண்ணத்தைக் காணலாம். மன்றத்தின் முன்னுள்ள திறந்தவெளி, தூமத்தாவெங்கா என்னும் போர்த்தெய்வத்தின் ஆட்சிக்குட்பட்டது. வந்தவர் தம் குறையையும் சினத்தையும் அங்கே நின்று உரக்கச் சொல்லலாம்; எதிர்வாதமும் எழும். அதன் பின்னுள்ள பெருமனையின் உட்புறம் ரோங்கோவுக்கு உரியது. அங்கே குரல் தணிகிறது. சினத்தை விழுங்கிக்கொண்டு உள்ளே நுழைவது அம்மரபன்று. வெளியிலே அதனைக் கொட்டித் தீர்த்த பின்னரே உள்ளே அமர்வது மரபு. ஆகவே, வாய்மூடிக் கிடப்பதை அமைதி என்று அம்மக்கள் கொள்ளவில்லை என்பது தெளிவு. நெடும்பகை தீர்ந்து செய்துகொள்ளும் உடன்படிக்கையைப் 'பச்சைக்கல் கதவு' என்று பொருள்படும் தொடரால் அவர்கள் அழைத்தனர். எளிதில் உடையாத கல்லால் ஆனது அக்கதவு.

இவ்வளவும் கேட்டு, மாவோரியர் போரறியாத சாதுக்கள் என்று எவரும் எண்ணிவிடுதல் கூடாது. போர்த்திறத்தில் பெயர் பெற்றவர்கள் அவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துப்பாக்கி கைக்கு வந்தபோது, தம்முள்ளேயே பெருங்கேடு விளைத்துக்கொண்டவர்கள். ஆதலால், அவர்களிடையே ஆயுதத்தைக் கீழே வைத்தவர்கள் ஆயுதம் ஏந்தத் தெரியாமல் வைத்தவர்கள் அல்லர்.

அவ்வாறு வைத்தவர்களுள் தலையாயவர்கள் தே விட்டி ஓ ரோங்கோமாய், தோஹு காக்கஹி என்னும் இருவர். நியூசிலாந்தின் வடதீவில் உள்ள தாரநாக்கிப் பகுதியைச் சேர்ந்தவர்கள். 1860இல் அங்கு நிலத்தின் பொருட்டு ஆங்கிலப் படைக்கும் மாவோரியர்க்கும் போர் மூண்டது. 1865இல், கலகம் செய்தோரைத் தண்டிப்பதாகக் கூறி, அரசு சுமார் 12 லட்சம் ஏக்கர் நிலத்தைப் பறிமுதல் செய்வதாக அறிவித்தது. கலகத்தில் கலவாதவரின் நிலமும் அதில் அடங்கியது. 1862ஆம் ஆண்டிலேயே, கரையில் மோதி உடைந்த லார்ட் வோர்ஸ்லி என்னும் கப்பலின் பயணிகளைக் காத்துப் பத்திரமாக அனுப்பிவைத்தவர் தே விட்டி. பகைவரின் இனத்தாரைக் காத்த அக்கையே பின்னர் ஓர் ஊரை எழுப்பிற்று.

1860களின் இடையில், மலைக்கும் கடலுக்கும் நடுவே அமைந்த அவ்வூர் பரிஹாக்கா. நிலமிழந்த குடிகள் பலவும் அங்கு வந்து சேர்ந்தன. ஆயுதத்திற்கு அங்கே இடமில்லை. வெண்ணிற இறகைத் தலையில் சூடுவது அவர்களின் அடையாளமாயிற்று. இறைவனுக்கு மகிமை, உலகில் அமைதி, மாந்தரிடை நல்லெண்ணம் என்பன அதன் பொருள். விவிலியமும் முன்னோர் மரபும் அவ்விறகில் ஒன்று கலந்திருந்தன.

பறித்த நிலத்தை அளக்க அரசின் அளவையாளர் வந்தனர். மாவோரியர்க்கென ஒதுக்குவதாகச் சொல்லியிருந்த பகுதிகளோ எல்லையிட்டுக் காட்டப்படவில்லை. 1879 மே மாதத்தில் பரிஹாக்காவின் ஆட்கள் கலப்பையுடன் புறப்பட்டனர். குடியேறியோரின் புல்வெளிகளில் ஏர் பூட்டி உழுதனர். நிலம் எங்களது என்பதை வாயால் சொல்லிப் பயனில்லாதபோது, கொழுமுனையால் எழுதிக் காட்டினர் எனலாம். ஒரு குழுவைக் கைது செய்தால், மறுகுழு வந்து அதே சாலைத் தொடர்ந்தது. எதிர்த்து ஒரு கையும் ஓங்கப்படவில்லை. 1868இல் அரசுப் படையை நடுங்கச் செய்த போர்த்தலைவர் தீத்தோக்கோவாருவும் இவ்வறப்போரில் கலந்து சிறை சென்றவர். அடுத்த ஆண்டு, அவர்களின் பயிர் வயல்களினூடே சாலை போடுவோர் வேலியை உடைக்க, ஊரார் அதனை மீண்டும் கட்டினர். உடைத்ததும் கட்டியதும் நாள்தோறும் நடந்தன. 400க்கும் மேற்பட்ட உழவரும் 200க்கும் மேற்பட்ட வேலி கட்டியோரும் சிறைப்பட்டனர். பலர் விசாரணையின்றியே தென்தீவின் குளிரில் வைக்கப்பட்டனர். அதற்கென்றே சட்டங்கள் இயற்றப்பட்டன.

1881 நவம்பர் 5ஆம் நாள், அமைச்சர் ஜான் பிரைஸ் தலைமையில் சுமார் 1,600 பேர் கொண்ட படை பரிஹாக்காவுக்குள் நுழைந்தது. குன்றின் மேல் பீரங்கி நிறுத்தப்பட்டிருந்தது. ஊர் வாயிலில் படையை எதிர்கொண்டவர் சிறுவர் சிறுமியர், பாடிக்கொண்டிருந்தனர். பெண்கள் வந்தவர்க்கு ரொட்டி சுட்டு வைத்திருந்தனர். இரண்டாயிரம் பேர் மன்றத்தில் அசையாது அமர்ந்திருந்தனர். தலைவர் இருவரும் அமைதியாக எழுந்து சென்றனர். அதன் பின் நடந்தது அமைதியன்று: வீடுகள் இடிக்கப்பட்டன, பயிர் அழிக்கப்பட்டது, பெண்கள் மானபங்கப்படுத்தப்பட்டனர், ஏறத்தாழ 1,600 பேர் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டனர். தலைவர்கள் 1883இல்தான் வழக்கு விசாரணையே காணாமல் திரும்பினர்.

அறப்போர் என்றதும் தமிழர் நினைவுக்கு வருபவர் காந்தியடிகள். பரிஹாக்காவுக்குள் படை நுழைந்தபோது அவருக்கு வயது 12. அவர் தென்னாப்பிரிக்காவில் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கியது 1906இல். முன்னவரிடமிருந்து பின்னவர் கற்றார் என்று பெருமை பேசுவார் உளர், அப்பெருமை தேவையற்றது. உண்மை ஒருவரிடமிருந்தே மற்றவர்க்குக் கைமாற்றாகச் செல்ல வேண்டும் என்பதில்லை. தே விட்டியையும் தோஹுவையும் தெய்வங்களாக்குவதும் வேண்டா. உலகுக்கு இணக்கம் கற்பித்த அவ்விருவரும் பிற்காலத்தில் தம்முள் பிணங்கினர். ஊரும் இரு பிரிவாய் நின்றது. இருவரும் 1907ஆம் ஆண்டிலேயே மறைந்தனர். நிலம் திரும்பவில்லை. அரசு பரிஹாக்காவுக்கு வந்து மன்னிப்புக் கேட்டது 2017இல்.

அப்படியாயின் அவர்கள் வென்றனரா, தோற்றனரா? இவ்வினாவுக்கு விடை தேடுவோர் பரிஹாக்காவோடு நின்றுவிடலாகாது. நியூசிலாந்துக்குக் கிழக்கே சுமார் 800 கிலோமீட்டர் தொலைவில் ரேகோஹு என்னும் தீவு உண்டு; சாதம் தீவு என்பது அதன் ஆங்கிலப் பெயர். அங்கு வாழ்ந்த மொரியோரி மக்கள், நுனுகு என்னும் முன்னோர் விதித்த ஆணைப்படி, கொலையைப் பல தலைமுறைகளாக விலக்கியிருந்தனர். பூசல் எழுந்தால் கோல்கொண்டு பொருவர். முதல் துளி இரத்தம் கண்டதும் நிறுத்துவர். 1835இல் தாரநாக்கியைச் சேர்ந்த மாவோரிக் குடியினர் ஏறத்தாழ 900 பேர் துப்பாக்கிகளுடன் அங்கு வந்திறங்கினர். தே அவப்பாத்திக்கி என்னுமிடத்தில் மொரியோரியர் கூடி ஆராய்ந்தனர். ஆணை நமக்குள் நடக்கும் பூசலுக்கு உரியதே, கொல்ல வந்தவர்க்கு உரியதன்று என்று இளையோர் வாதிட்டனர். மூத்தோர் இணங்கவில்லை. ஆணையை மீறினால் எஞ்சுவது உடல்தான், நாமல்ல என்பதே அவர்தம் கருத்தின் சாரம். மூத்தோர் சொல் நின்றது. பலர் கொல்லப்பட்டனர், மற்றோர் அடிமைகளாயினர். 1,600க்கு மேலிருந்த மக்கள்தொகை 1862இல் 101 ஆகக் குறைந்தது.

வந்தேறிய குடியினருள் பெரும்பாலோர் 1860களின் இறுதியில் தாரநாக்கிக்குத் திரும்பினர். பரிஹாக்காவின் அறப்போரில் அக்குடியும் பங்குகொண்டது. கொன்றவர் கூட்டமே கொல்லாமையின் பக்கம் வந்தமர்ந்தது என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

பரிஹாக்காவில் எதிரிக்கு நாணம் கொள்ளச் செய்தித்தாள்களும் சட்டமன்றமும் இருந்தன. ரேகோஹுவில் கேட்கும் செவியே இல்லை. செவியில்லாத இடத்தில் ரோங்கோவுக்கு என்ன பொருள்? இளையோரின் வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. தன் நோன்புக்காகத் தன் உயிரைத் தருபவன் பெரியோன். பிள்ளையின் உயிரையும் அதில் சேர்த்துத் தர அவனுக்கு உரிமை உண்டா என்று கேட்பவன் கோழையல்லன். ஆனால் மூத்தோரை அறியாதவர் என்பதும் பிழை. வெற்றிக்கான உத்தியாக அவர்கள் ஆணையைக் கொண்டிருந்தால், அதனைக் கைவிட அன்றைவிடத் தக்க நாள் இல்லை. அவர்கள் கைவிடவில்லை.

1862இல் எஞ்சிய மூத்தோர், 1835இல் உயிரோடிருந்த தம் மக்கள் அனைவரின் பெயரையும் நினைவிலிருந்து எடுத்துரைத்துப் பட்டியலாக எழுதி ஆளுநருக்கு அனுப்பினர். 2005இல் ரேகோஹுவில் திறக்கப்பட்ட கோப்பிங்கா மன்றத்தின் நடுத்தூணில் அப்பெயர்கள், 1,500க்கும் மேற்பட்டவை, பொறிக்கப்பட்டுள்ளன. மொரியோரியர் இன்றும் அத்தூணைச் சுற்றிக் கூடுகின்றனர். நுனுகுவின் ஆணை இன்றும் அவர்களால் மீறப்படவில்லை.