யாருடைய ஒளி?

டோல்கீனின் மோதிரத்தைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை. சௌரோன் தன் ஆதிக்க வெறியை ஊற்றிச் செய்த பொருள் அது; வைத்திருப்பவரைக் கெடுக்கிறது. அதில் பெரிய புதிர் ஒன்றுமில்லை. என்னைத் தொந்தரவு செய்வது சில்மரில்கள்தான். டோல்கீன் இறந்து 4 வருஷம் கழித்து, 1977இல், மகன் கிறிஸ்டோபர் தொகுத்து வெளியிட்ட ‘தி சில்மரில்லியன்’ நூலின் மையத்தில் இருக்கும் மூன்று மணிகள். அவை தீய பொருட்களே அல்ல. தீய கை தொட்டால் பொசுங்கும்படி வார்டா என்ற தேவியே அவற்றைப் புனிதப்படுத்துகிறாள். அப்படியிருந்தும் அவற்றைச் சுற்றி ஒரு யுகமே ரத்தத்தில் நனைகிறது. ஏன்?

வாலினோரின் இரண்டு மரங்களிலிருந்து வந்த ஒளியை ஃபியனோர் மணிகளுக்குள் பிடித்து வைக்கிறான். பிறகு மெல்கோரும் உங்கோலியன்ட் என்ற சிலந்தியும் சேர்ந்து மரங்களைக் கொன்றுவிடுகிறார்கள். மணிகளை உடைத்து உள்ளே இருக்கும் ஒளியைத் தந்தால் மரங்களைப் பிழைக்க வைக்கலாம் என்கிறாள் யவன்னா. ஃபியனோர் மறுக்கிறான். இப்படி ஒன்றை வாழ்நாளில் இன்னொரு முறை செய்ய முடியாது என்பது அவன் வாதம். தேவர்கள் யாரும் அதைப் பறிக்கவில்லை. சற்று நேரத்தில் சேதி வருகிறது: மெல்கோர் அவன் அப்பாவைக் கொன்றுவிட்டு மணிகளை ஏற்கெனவே தூக்கிக்கொண்டு போய்விட்டான். கையில் இல்லாத ஒன்றைத்தான் ஃபியனோர் தரமாட்டேன் என்றிருக்கிறான்!

“அப்போ அவன் என்ன சொல்லியிருந்தா என்ன? முடிவு ஒண்ணுதானே?” என்று உங்களுக்குத் தோன்றலாம். இதே கேள்வியை டோல்கீனும் எழுப்புகிறார். ஆனால் முதலிலேயே சரி என்று சொல்லியிருந்தால் அவனது பிற்காலச் செயல்கள் வேறாக இருந்திருக்கலாம் என்கிறார். எனக்கு அந்த இடம் முக்கியம். ஒரு பதிலால் உலகம் மாறாமல் போகலாம். பதில் சொன்னவன் மாறிவிடுகிறான். “சரி” என்றிருந்தால், திருடு போனது அவன் ஏற்கெனவே கொடுத்துவிட்ட பொருள். “மாட்டேன்” என்றதால், திருடு போனது அவனே. அதனால்தான் நல்லவனோ கெட்டவனோ, சில்மரிலை யார் வைத்திருந்தாலும் விடமாட்டோம் என்று ஏழு மகன்களோடு சபதம் எடுக்கிறான். அடுத்து கப்பல்களுக்காக அல்குவாலோண்டேயில் சொந்த இனத்தையே வெட்டுகிறான். அங்கே வாளைப் பிடித்திருந்தது மெல்கோரின் கை இல்லை.

செஞ்சவனுக்கு உரிமை இல்லையா? இருக்கிறது. பாதி தூரம் நான் ஃபியனோர் பக்கம்தான். வேலைப்பாடு அவனுடையது. ஆனால் ஒளி மரங்களுடையது; அதைத்தான் அவன் மறந்துபோகிறான். “நான் செய்தேன்” என்பதில் தீமை இல்லை. “அதனால் முழுசும் எனக்கே” என்று நழுவும் இடத்தில் அது ஆரம்பிக்கிறது.

மணிகளை இரும்புக் கிரீடத்தில் பதித்துக்கொண்ட மெல்கோரின் கைகள் கருகுகின்றன, ஆறவே இல்லை. ஆனாலும் கழற்றமாட்டான். அதிகாரம் என்பது இதுதானோ என்று நினைக்கிறேன்: தனக்கே சுட்டாலும் அடுத்தவருக்குக் கிடைக்கக் கூடாது. கடைசியில் ஃபியனோரின் மகன்கள் மைத்ரோஸும் மாக்லோரும் இரண்டு மணிகளைக் கைப்பற்றுகிறார்கள். சட்டப்படி வாரிசுகள். அவர்கள் கையையும் அவை சுடுகின்றன. ஒருவன் மணியோடு நெருப்புப் பிளவில் குதிக்கிறான். இன்னொருவன் மணியைக் கடலில் எறிகிறான்.

மூன்றாவது மணி ஏரெண்டிலின் கப்பலோடு வானத்தில் நட்சத்திரமாகப் போகிறது. எல்லோரும் அதைப் பார்க்கலாம், யாரும் பிடுங்க முடியாது. யவன்னா கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான். மரங்கள் மட்டும் திரும்பி வரவில்லை.