வந்தியின் பங்குக் கரை

ஆவணி மூலத் திருவிழாவின்போது, மதுரை ஆரப்பாளையத்தை அடுத்து வைகையின் தென்கரையில் இருக்கும் புட்டுத்தோப்புக்குச் சொக்கநாதப் பெருமான் மீனாட்சியம்மையோடு எழுந்தருள, திருப்பரங்குன்றத்திலிருந்து முருகனும் திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகரும் அங்கே வந்து சேர, கூடையும் மண்வெட்டியுமாக மண் சுமந்த லீலை நடித்துக் காட்டப்படுகிறது. பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடற் புராணத்தின் அறுபத்து நான்கு லீலைகளில் இது அறுபத்தோராவது. பக்தர்கள் இதில் காண்பது இறைவனின் கருணையை; அது முற்றிலும் பொருத்தமே. எனினும் இந்த லீலை நிகழ்ந்த இடம் தவச்சாலையும் அன்று, யாகசாலையும் அன்று. உடைப்பெடுத்த ஓர் ஆற்றங்கரை. அங்கே பேசப்பட்ட விஷயமும் முக்தியைப் பற்றியதன்று. யார் எத்தனை கூடை மண் கொட்டவேண்டும் என்பதைப் பற்றியது. நகரசபைகளின் நிர்வாகத்தை வெறும் லௌகிக விவகாரமாகக் கருதிப் பழகிவிட்ட நமக்கு, இந்த நகரத்தின் தெய்வமே ஓர் ஊர்ப்பொது வேலையில் கூலியாளாக வந்ததென்னும் ஐதீகம், தத்துவ விசாரத்துக்கு உரிய ஒரு கேள்வியை எழுப்பத்தான் செய்கிறது.

கதையை ஊரார் அனைவரும் அறிவர். குதிரை வாங்கக் கொடுத்த அரசாங்கப் பணத்தைத் திருப்பெருந்துறையில் திருப்பணிக்குச் செலவிட்ட வாதவூரராகிய மாணிக்கவாசகரை அரிமர்த்தன பாண்டியன் சுடுமணலில் நிறுத்தித் தண்டித்தான். வைகை பெருகி வந்து கரையை உடைத்தது. அரசன், கரையை அளந்து, குடிகளுக்குப் பங்கிட்டு, அவரவர் பங்கை அவரவரே அடைக்கவேண்டுமென்று ஆணையிட்டான். ஆணையில் பட்சபாதம் எதுவும் இல்லை. செல்வனுக்கும் ஒரு பங்கு, ஏழைக்கும் ஒரு பங்கு. ஆனால் புட்டு அவித்து விற்று வயிறு வளர்க்கும் வந்தி என்னும் கிழவிக்கும், பிள்ளையோ சுற்றமோ கூலிக்கு ஆள் வைக்கப் பொருளோ இல்லாத அவளுக்கும், அதே பங்கு விழுந்தது. ஏற்றத்தாழ்வு உள்ளவர்களிடம் ஒரே அளவான சுமையைச் சமமாக வைப்பது நீதியாகிவிடாது என்பதை அரசனுடைய கணக்கர் அறியவில்லை. ஆலவாய்ப் பெருமான் அறிந்திருந்தான். ஆகவே கூலியாளாக வந்தான். உதிர்ந்த புட்டைக் கூலியாகப் பேசிக்கொண்டு உண்டான். கொஞ்சம் வேலை செய்தான். ஆடினான், பாடினான், உறங்கினான். மற்றவர் பங்கெல்லாம் அடைபட்டு வந்தியின் பங்கு மாத்திரம் திறந்து கிடக்கக் கண்ட அரசன் பிரம்பால் அடித்தான். அந்த அடி அரசன் முதுகிலும், அமைச்சர் முதுகிலும், சராசரங்கள் அனைத்தின்மீதும் விழுந்தது.

இதில் நான் எடுத்துக்கொள்ள விரும்பும் கேள்வி ஒன்றுதான். நமக்கு விதிக்கப்பட்ட கடமையை நமக்காக மற்றொருவர் செய்யுமாறு விட்டுவிடலாமா? விட்டுவிட்டால், அந்தக் கடமையிலிருந்து நாம் முற்றிலும் விடுபட்டு விடுகிறோமா?

சமயக் கிரியைகளில் இதற்கு ஓரளவு தெளிவான பதில் உண்டு. பூஜையை அர்ச்சகர் நமக்காகச் செய்யலாம். ஆனால் நம் விரதத்தை மற்றொருவர் இருந்து முடித்தார் என்று எவரும் சொல்வதில்லை. ஊர்ப்பணி இவ்விரண்டில் எந்த வகையைச் சேர்ந்தது? பழைய தமிழ்நாட்டில் அது விரதத்தைப் போலவே நடந்தது எனலாம். ஏரிக்கும் கால்வாய்க்கும் பாசனம் பெறும் குடிகளே ஆண்டுதோறும் தூர் எடுத்துக் கரை கட்டும் குடிமராமத்து என்னும் வழக்கம், பணத்தால் தீர்க்கப்படாமல் உடம்பால் தீர்க்கப்பட்ட ஒரு கடனாகவே இருந்தது. அந்த வழக்கம் தளர்ந்தபோது, ஆங்கில அரசாங்கம் அதனைச் சட்டத்தால் தாங்க முயன்று, 1858ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்துக்கென ஒரு கட்டாய உழைப்புச் சட்டத்தை இயற்றியது. கரை உடையும் அபாயம் நேருங்கால், சுற்றுக் கிராமங்களிலிருந்து உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த உடல் வலிமையுள்ள ஆண்களை வேலைக்கு அழைக்கலாம் என்பது அதன் விதி. பாண்டியன் எல்லா வீட்டுக்கும் பங்கு அளந்தான். இந்தச் சட்டமோ, வெள்ளம் எல்லார் வயலையும் அழிக்கும் என்று தெரிந்திருந்தும், மண் சுமக்கவேண்டியவர் இன்ன வகுப்பார்தாம் என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டது.

மதுரை நகருக்குள்ளும் இதே மாற்றத்தின் அடையாளங்கள் இருக்கின்றன. 1834 முதல் 1847 வரை கலெக்டராக இருந்த பிளாக்பர்ன், நகரைச் சுற்றியிருந்த கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பதற்கு அரசாங்கச் செலவை மட்டும் நம்பாமல், ஊர் மக்களிடமே அந்த வேலையை ஒப்படைத்து, தூர்த்து மட்டமாக்கிய நிலத்தை வேலை செய்தவர்க்கே வழங்கினார். வெளி வீதிகள் அவ்வாறு பிறந்தவை. அவர் நினைவாக ஊரார் நாட்டிய விளக்குத்தூண் இன்றும் ஒரு வட்டாரத்துக்கே பெயராக நிற்கிறது. அதற்குப் பின் 1866இல் மதுரை நகராட்சியாயிற்று, 1971இல் மாநகராட்சியாயிற்று, 2011இல் சுற்றுப்புறத்து நகராட்சிகளையும் பேரூராட்சிகளையும் ஊராட்சிகளையும் சேர்த்துக்கொண்டு நூறு வார்டுகளாக விரிந்தது. இந்த வளர்ச்சியின் ஒவ்வொரு படியிலும் குடிமகனுடைய கையிலிருந்த மண்வெட்டி நழுவி, அதற்குப் பதிலாக வரி ரசீது வந்து சேர்ந்தது.

இதனை நான் வீழ்ச்சியாகச் சொல்லவில்லை. வரி என்பது ஒரு சிறந்த சமுதாயக் கற்பனை. கிழவிக்கும் நோயாளிக்கும் கூடை தூக்கும் கட்டாயம் இல்லாமல் செய்து, சக்திக்கு ஏற்றவாறு பணமாகக் கொடுத்தால் போதும் என்று வைத்ததனால், வந்திக்கு நேர்ந்த சங்கடம் பெருமளவுக்கு நீங்கியது. நூறு வார்டுகளின் குப்பையை வெள்ளைக்கல் கிடங்குக்குக் கொண்டு சேர்ப்பதும், வைகையணை நீரைக் குழாய்வழி வீடுதோறும் கொடுப்பதும், சாக்கடை நீரை ஏற்றிச் சுத்திகரிப்பதும், ஆளுக்கொரு கூடை என்ற கணக்கில் நடக்கக்கூடிய காரியங்கள் அல்ல. ஆகையால் நகரத்தில் வாழ்பவன் தன் கடமையைப் பிரதிநிதி மூலம் செய்வது தவறன்று. அது தவிர்க்க முடியாதது. வந்தி செய்ததும் அதுவே. அவளும் தன் பங்குக்கு வேறொருவரைத்தான் அனுப்பினாள்.

ஆனால் அவள் அனுப்பிய ஆள் யார் என்பதில்தான் இந்தக் கதையின் சூட்சுமம் இருக்கிறது. நம் பொருட்டு நம் பங்கைச் சுமக்க வருபவர் எவராயினும் அவர் இறைவனுடைய ஸ்தானத்தில் நிற்கிறார் என்று கதை சொல்கிறது. அந்தக் கூலியாளை இருவர் நடத்திய விதத்தையும் அருகருகே வைத்துக் காட்டுகிறது. வந்தி அவனை யாரென்று அறியாள். அறியாமலே பசித்த பிள்ளைக்கு இடுவதுபோல் இட்டாள். அரசனும் அவனை யாரென்று அறியான், அறியாமலே அடித்தான். அறியாமை இருவருக்கும் பொது. ஒருத்தி சிவலோகம் சேர்ந்ததற்கும் மற்றவன் தன் பிரம்பின் வலியைத் தானே உணர்ந்ததற்கும் காரணம் ஞானத்தில் இருந்த வேறுபாடு அன்று. முகம் தெரியாத ஓர் உழைப்பாளியிடம் அவர்கள் காட்டிய நடத்தையில் இருந்த வேறுபாடு.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு நம் நகரத்தைப் பார்த்தால் மனம் கூசுகிறது. கூடை சுமந்த கடவுளைப் பல நூற்றாண்டுகளாகக் கொண்டாடி வந்த இதே மதுரையில், கூடை சுமந்த மனிதர்கள் அந்தக் கடவுளின் சந்நிதிக்குள் நுழைய 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று, கோவில் நுழைவுக்காகப் பாடுபட்ட வைத்தியநாதய்யர், ஒடுக்கப்பட்டோர் சிலரை அழைத்துக்கொண்டு மீனாட்சி கோவிலுக்குள் சென்றார். கோவில் நிர்வாகியாயிருந்த ஆர்.எஸ். நாயுடு துணைநின்றார், எதிர்ப்பும் பலமாகவே இருந்தது. மண் சுமந்தவனை உற்சவமாக வீதிவலம் செய்வித்துவிட்டு, வீதியின் மலம் சுமந்தவரைக் கோபுர வாசலுக்கு வெளியே நிறுத்திய முரண்பாட்டை நம் முன்னோர் எவ்வாறு பொறுத்தனர் என்று வியக்கத் தோன்றலாம். ஆனால் வியக்குமுன், அந்த வேலை இன்றுங்கூடப் பெரும்பாலும் எந்தச் சமூகத்தாரின் தோளில் விடப்பட்டிருக்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பது நலம். கோவில் கதவு திறந்துவிட்டது. பரம்பரையாக ஒரே தோளில் ஏறும் கூடை இன்னும் இறங்கவில்லை.

இங்கே ஓர் ஆட்சேபம் எழக்கூடும். உழைப்பாளியைத் தெய்வம் என்பது கேட்க இனிமையாயிருக்கிறது. அவ்வாறு சொல்லிவிட்டுக் கூலியைக் குறைத்துக் கொடுப்பதற்கும் அது வசதியாயிருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அதில் நியாயம் உண்டு. விழாமேடையில் தூய்மைப் பணியாளருக்குப் பொன்னாடை போர்த்திப் பாதபூஜை செய்வோர், மறுநாள் அவருடைய சம்பள பாக்கியைப் பற்றி வாய் திறவாதிருப்பதை நாம் அறிவோம். ஆனால் புராணம் அந்தத் தந்திரத்துக்கு இடம் கொடுக்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். அந்தக் கூலியாள், பக்திக்காக இனாமாக மண் சுமக்க வந்ததாகக் கதை கூறவில்லை. கூலி என்ன என்று முதலில் பேசினான், பேசிய கூலியை வாங்கினான், வயிறார உண்டான், இளைப்பாறினான், பிறகுதான் மற்றவை. இறைவனே கூலி பேசாமல் கூடையைத் தொடவில்லையென்றால், கூலிக்குப் பதிலாகப் புகழ்ச்சியைக் கொடுக்கும் அதிகாரம் மனிதருக்கு எங்கிருந்து வந்தது?

அடுத்து, அந்த அடி. ஒருவன் முதுகில் விழுந்தது எல்லார் முதுகிலும் விழுந்தது என்பதை அற்புதமாக மட்டும் எடுத்துக்கொண்டால், அது அன்றைக்கே முடிந்துபோன சம்பவம். தத்துவமாக எடுத்துக்கொண்டால், பொதுவேலையில் ஒருவருக்கு இழைக்கப்படும் தீங்கு அந்த ஒருவரோடு நிற்பதில்லை என்று பொருள்படும். 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், பழங்காநத்தம் பகுதியில் கழிவுநீரேற்று நிலையம் ஒன்றில், மோட்டாரைச் சீர்செய்யும் வேலைக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளர் மூவர் விஷவாயு தாக்கி உயிரிழந்தனர். கழிவுத் தொட்டிகளுக்குள் பாதுகாப்புச் சாதனமின்றி மனிதரை இறக்குவதைத் தடுக்கும் சட்டம் 2013லேயே வந்துவிட்டது. இவ்வாறு இறப்பவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் என்று 2014இல் விதித்த உச்ச நீதிமன்றம், 2023இல் அதனை முப்பது லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு அவசியமே, ஆனால் அந்தத் தொட்டிக்குள் ஓடியது யாருடைய வீட்டுக் கழிவு என்று கேட்டால், அந்தப் பாதாளச் சாக்கடையோடு இணைப்புள்ள ஒவ்வொரு வீட்டாரும் தம் முதுகைத் தடவிப் பார்க்க வேண்டியிருக்கும். அவர்கள் இறங்கியது நம் பங்குக் கரையை அடைக்க. நமக்கு வலிக்கவில்லையென்றால், அடி விழவில்லை என்று அதற்கு அர்த்தம் அன்று. நமக்கு உணர்ச்சி மரத்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

இனி, பிரதிநிதியிடம் விடமுடியாத பகுதி என்று ஏதேனும் உண்டா என்பதைப் பார்க்கலாம். உண்டு, இரண்டு. முதலாவது, வேலையை வீணாகக் கடினமாக்காதிருத்தல். மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் வீட்டிலேயே பிரித்துக் கொடுப்பதை எவரும் நமக்காகச் செய்யமுடியாது. செய்யவேண்டி வந்தால், நாம் ஒரு நிமிஷத்தில் முடித்திருக்கக்கூடிய காரியத்தை மற்றொருவர் கண்ணாடித் துண்டுக்கும் ஊசிக்கும் நடுவே வெறுங்கையால் துழாவிச் செய்யவேண்டும். கிருதுமால் என்று புராணப் பெயர் தாங்கி, கூடலழகர் திருத்தலத்தோடு சேர்த்துப் போற்றப்பட்ட நதி இன்று நகரின் நடுவே சாக்கடையாக ஓடுகிறதென்றால், அது எந்த ஓர் அதிகாரியும் ஒரே நாளில் செய்த காரியம் அன்று. அவரவர் வாசலில் அவரவர் சேர்த்த பங்கு.

இரண்டாவது, கணக்குக் கேட்டல். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், உத்திரமேரூரில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள், குடவோலை முறையில் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுப்பதைப் பற்றி விதிக்கும்போது, முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய நெருங்கிய உறவினரையும் விலக்கி வைக்கின்றன. அந்தச் சபையில் நிலமும் வேதப்பயிற்சியும் உடையவர்க்கே இடமிருந்தது என்ற குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஏரி வாரியத்தில் இருந்தவன் ஏரிக் கணக்கைக் காட்டியே தீரவேண்டுமென்ற பிடிவாதம் மெச்சத்தக்கது. நாமோ, 1993 முதல் அரசியல் சாசனமே நகரசபைகளுக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறை தேர்தல் நடத்தும்படி விதித்திருந்தும், 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரித் தேர்தல் வரையில் தமிழகத்து நகரங்களைத் தனி அலுவலர்கள் கையில் விட்டிருந்தோம். அதற்காகத் தெருவில் இறங்கி வருந்தியவர் சிலரே. இன்று, வட்டாரத்து மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைகளுக்கு விதி உண்டு. அங்கே போய் உட்கார்ந்து, நம் தெருவின் தூய்மைப் பணியாளருக்குக் கையுறை கிடைத்ததா, சம்பளம் தேதியில் வந்ததா, ஒப்பந்தக்காரர் வருங்கால வைப்பு நிதி கட்டினாரா என்று கேட்கும் பொறுப்பை எந்த வரி ரசீதும் தீர்த்துவிடாது.

அப்பர் சுவாமிகள் கையில் உழவாரப் படை ஏந்திக் கோவில் முற்றங்களின் புல்லைச் செதுக்கியது கைங்கர்யம் என்றும், அதே கருவியால் தெருவைச் செதுக்குவது ஈனத்தொழில் என்றும் பிரித்து வைத்திருக்கும் சமயம் எதுவாயினும், அது தன் புராணத்தைத் தானே படிக்காத சமயம். மதுரை மக்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுவே: வரியைக் கொடுங்கள், தாமதமின்றிக் கொடுங்கள், ஆனால் அதனோடு கடமை தீர்ந்ததென்று எண்ணாதீர்கள். நம் பங்கைச் சுமப்பவருக்கு நியாயமான கூலியும், தகுந்த கருவியும், ஓய்வும், உயிருக்குப் பாதுகாப்பும் கிடைக்கின்றனவா என்று விசாரிப்பது, ஆவணி மூலத்தன்று புட்டுத்தோப்புக்குப் போய் வருவதைப் போலவே, சொக்கநாதருக்குச் செலுத்தவேண்டிய வழிபாடு. முன்னதைச் செய்யாமல் பின்னதை மட்டும் செய்பவர், பிரம்போடு கரையில் நின்ற பாண்டியனின் பக்கத்தில்தான் நிற்கிறார்.