பிந்திய இரக்கம்

தீமை செய்தவன் பின்னர் நன்மை செய்வானாயின், முன்னையதைப் பின்னையது ஈடுசெய்யுமா என்பது அறவியலிற் பழைய வினா. இதனை ஒரு மனிதனின் வாழ்வில் வைத்து நோக்குதல் பயனுடையது.

1810இல் ஸ்கொத்லாந்தின் ஸ்கை தீவிற் பிறந்த அங்கஸ் மக்மிலன் 1838இல் அவுஸ்திரேலியாவை அடைந்தார். அவர் வளர்ந்த காலத்தில் ஸ்கொத்லாந்து மலைநாட்டுக் குடியானவர்கள், செம்மறி வளர்ப்புக்காகத் தம் பரம்பரை நிலங்களிலிருந்து வெளியேற்றப்பட்டுக்கொண்டிருந்தனர். அவரோ கடல்கடந்து வந்து, மந்தைகளுக்கு மேய்ச்சல் நிலந்தேடிக் கிப்ஸ்லாந்தினுள் நுழைந்தார். அது குனைக்கூர்னாய் மக்களின் நிலம். தம்மினத்தார் பட்டதை அறிந்தவன் அதனைப் பிறர்க்குச் செய்யான் என நாம் எளிதில் நம்பிவிடுகிறோம். (துன்பம் மனிதனைப் பண்படுத்தும் என்பது நம் விமர்சகர் சிலருக்கும் பிடித்தமான வாசகம்.) மக்மிலனின் வாழ்வு அந்நம்பிக்கைக்கு இடந்தரவில்லை.

1843இல் ரொனால்ட் மக்கலிஸ்டர் என்னும் குடியேறி கொல்லப்பட்டார். பழிவாங்கப் புறப்பட்ட ஸ்கொத்லாந்தியர் வொரிகல் ஓடைக்கரையில் குனைக்கூர்னாய் மக்களைச் சுட்டு வீழ்த்தினர். இறந்தோர் தொகை 60 முதல் 150க்கு மேல் வரை பலவாறு மதிப்பிடப்படுகிறது. தலைமை தாங்கியவர் மக்மிலனே என்பது வரலாற்றாசிரியர் பலரின் முடிபு. வழக்கெதுவும் நடைபெறவில்லை. 1838இல் அதே நியூ சவுத் வேல்ஸ் குடியேற்றத்தில், மயோல் ஓடைப் படுகொலைக்காக எழுவர் தூக்கிலிடப்பட்டிருந்தனர். அதன்பின் குடியேறிகள் இத்தகைய செயல்கள் பற்றி வாய்திறவாதிருக்கப் பழகினர்.

பிற்கால மக்மிலன் வேறொருவர் போலத் தோன்றுகிறார். விருந்தோம்பலுக்குப் பெயர்பெற்ற பண்ணையாளர். 1859இல் விக்டோரியா சட்டசபை உறுப்பினர் (மறு ஆண்டே விலகினார்). எஞ்சிய ஆதிக்குடிகளின் பாதுகாவலர் எனவும் போற்றப்பட்டார். 1865இல், செல்வமிழந்த நிலையில் இறந்தார்.

இவ்விரக்கம் போலியென நாம் கருதவில்லை. ஆயின் அது தோன்றிய காலம் கவனிக்கத்தக்கது. நிலமெல்லாம் கைமாறி, எதிர்ப்பதற்கு வலியுள்ளோர் இல்லாதொழிந்த பின்னரே அது தோன்றிற்று. அப்போது அதற்காக அவர் இழக்க வேண்டியது ஏதுமில்லை. நிலத்தை மீள அளிக்கவோ, நடந்ததை வெளிப்பட ஒப்புக்கொள்ளவோ அவர் முன்வந்தமைக்குச் சான்றில்லை. தாம் செய்ததைச் சொல்லாமல் ஒருவர் காட்டும் கருணையை ஈடு என்று எவ்வாறு கொள்வது? பெறுவோருக்கு அது கொடையாகவே காட்டப்படுகிறது. கடன் என்பது மறைந்துவிடுகிறது.

அவரை அவர் காலத்து நியாயத்தால் அளக்கவேண்டும் என்பர் சிலர். அக்காலத்து நியாயமும் கொலையைக் குற்றமென்றே கொண்டது. 1838இன் தூக்குமேடை அதற்குச் சான்று. குடியேறிகளின் மௌனமும் சான்றே.

மக்மிலன் பெயர்தாங்கிய பாராளுமன்றத் தேர்தற் தொகுதி 2018இல் மொனாஷ் எனப் பெயர்மாற்றம் பெற்றது. அதற்கு முன், 2010இல், குனைக்கூர்னாய் மக்களின் பூர்வீக உரிமையை நீதிமன்றம் ஏற்றிருந்தது. அவ்வுரிமை அரச நிலங்களுக்கே உரியது. தனியார் உடைமையாகிவிட்ட மேய்ச்சல் நிலங்கள் அதனுள் அடங்கா.