சட்டசபைச் சுவரும் மகளின் கழுத்தும்

1534 யூலை 24 அன்று, இன்றைய கியூபெக் மாகாணத்தின் கிழக்குப் பகுதியிலுள்ள காஸ்பேயில், ஜாக் கார்ட்டியே முப்பது அடி உயரச் சிலுவை ஒன்றை நாட்டினார். குறுக்குச் சட்டத்தின் கீழே பிரெஞ்சு அரசின் லில்லிப்பூக் கேடயம், அதற்கு மேலே மன்னர் வாழ்க என்ற எழுத்து. கூட வந்தவர்கள் அதைச் சூழ்ந்து முழந்தாளிட்டுக் கும்பிட்டார்கள். பிறகு அந்தக் கரைக்கு வந்திருந்த இரொக்குவா மக்களின் தலைவர் தொன்னகோனா தோணியில் கப்பலருகே போனார். ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காது. இரண்டு விரலைக் குறுக்கே வைத்துச் சிலுவையைக் காட்டினார். பிறகு சுற்றியிருந்த நிலம் முழுவதையும் காட்டினார். என்னைக் கேளாமல் இதை இங்கே நட்டிருக்கக் கூடாது என்பது அவர் சொன்னது. கார்ட்டியே கொடுத்த விளக்கம், அது வெறும் அடையாளம், கப்பல்கள் துறையைக் கண்டுகொள்வதற்காக நட்டது என்பதாகும்.

மொன்றியலுக்கு வந்த புதிதில், குடியேறிகளுக்கான பிரெஞ்சு வகுப்பில் இதைப் படித்தேன். தொன்னகோனா கையை நீட்டிக் காட்டிய நிலம் எனக்குத் திருகோணமலையாகவே தெரிந்தது.

2005 மே மாதத்தில் ஒரு காலை, திருகோணமலை பஸ் நிலையத்தருகே புத்தர் சிலையொன்று இருந்தது. முதல்நாள் அது அங்கே இல்லை. கடைகள் பூட்டப்பட்டன, ஹர்த்தால் நடந்தது. சிலையைச் சுற்றி முட்கம்பி வந்தது, காவலுக்குப் படையினர் வந்தார்கள். வழக்குப் போட்டார்கள். நான் அப்போது மாவட்டச் செயலகமான கச்சேரியில் வேலை. என்னோடு வேலை செய்த சிங்கள நண்பர், மனதில் கள்ளமில்லாத மனிதர், சொன்னார்: “வெறும் சிலைதானே. கும்பிடுகிறவன் கும்பிடட்டும், மற்றவன் பார்த்துக்கொண்டு போகட்டும்.” அவருக்கு அன்று என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரை ஒருவகையில் அவருக்கு எழுதுவது.

அம்மா வெள்ளிக்கிழமைகளில் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போகிறவர். நயினாதீவுக்குப் போனால் நாகபூசணி அம்மனைக் கும்பிட்டுவிட்டு, பக்கத்திலுள்ள நாகவிகாரையிலும் ஒரு பூ வைத்துவிட்டுத்தான் திரும்புவார். புத்தரோடு அவருக்கு ஒரு பிணக்கும் இருந்ததில்லை. அந்த அம்மா பஸ் நிலையச் சிலையைக் கண்டு கைகூப்பவில்லை. “பாவம் அந்தப் பகவான், ஆமிக்காரரோட வெயிலுக்கை நிக்க விட்டிருக்கினம்” என்றார். துவக்குக் காவலோடு நிற்கிற ஒன்றைக் கும்பிட அவருக்குக் கை எழவில்லை.

நண்பர் சொன்ன ‘வெறும் சிலை’ உலகத்தில் எங்கும் இல்லை. சைவர்களுக்கு இது நன்றாகத் தெரிய வேண்டும். சிற்பி செதுக்கி முடித்த கல்லும், கும்பாபிஷேகம் கண்ட மூர்த்தியும் பார்வைக்கு ஒன்றுதான். நூதனசாலைக் கண்ணாடிக்குள் இருக்கும் சோழர்காலத்து நடராசரும், கோயிலில் ஆறுகாலப் பூசை காணும் நடராசரும் ஒரே வார்ப்பாக இருக்கலாம். எங்கே வைத்தார்கள், யார் வைத்தார்கள், வைத்துவிட்டு என்ன செய்தார்கள் என்பதே ஓர் உருவத்தை இன்னதென்று ஆக்குகிறது. வீட்டுச் சாமியறையில் இருக்கும் புத்தர் அந்த வீட்டாரின் பக்தியைச் சொல்கிறார். விகாரையில் இருப்பவர் தன் போதனையைச் சொல்கிறார். பௌத்தத்துக்கு முதன்மை இடம் என்று 1972 அரசியலமைப்பு எழுதி, 1978 அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை அதையே திரும்ப எழுதியிருக்கும் நாட்டில், தமிழர் பெரும்பகுதியாக வாழும் நகரின் பொது இடத்தில் இரவோடிரவாக வைத்து முட்கம்பி அடித்த சிலை வேறொன்றைச் சொல்கிறது. அது எங்களைப் பார்த்து, நீங்கள் இங்கே குடியிருக்கிறவர்கள் மட்டும் என்கிறது. புத்தர் இதைச் சொல்லவில்லை. அவருடைய வாயால் வேறு யாரோ சொல்கிறார்கள். எனக்கு நோவதும் அதுதான். தமிழின் ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான மணிமேகலை பௌத்த நூல். புத்தர் எங்களுக்கு அந்நியர் அல்லர்.

அரசு வைத்த உருவம் கியூபெக்கிலும் இருந்தது. அதன் சட்டசபையில், சபாநாயகரின் ஆசனத்துக்கு மேலே, 1936இல் டுப்ளெசி அரசு ஒரு சிலுவையை மாட்டியது. அரசும் திருச்சபையும் கைகோத்திருந்த காலம். 2008இல், மத, பண்பாட்டு வேறுபாடுகளை ஆராய அரசு அமைத்த பூஷார் – டெய்லர் ஆணைக்குழு அதை அங்கிருந்து எடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. அறிக்கை வெளிவந்த அன்றே, அதை எடுப்பதில்லை என்று சபை ஒருமனதாகத் தீர்மானித்தது. அது எங்கள் வரலாறு, எங்கள் மரபுரிமை என்றார்கள். கடைசியில் 2019 யூலையில் அது இறக்கப்பட்டு, அதே கட்டடத்தில் காட்சிப் பொருளாக வைக்கப்பட்டது. மன்னாரிலிருந்தும் இளவாலையிலிருந்தும் வந்த எங்கள் கத்தோலிக்க நண்பர்கள் சிலருக்கு அன்று மனம் கலங்கியது. எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை அவர்களிடம் நேரேயே சொன்னேன், எங்களுக்குள் கடும் வாக்குவாதமும் நடந்தது.

அவர்களிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். இத்தாலியில் அரசப் பாடசாலை வகுப்பறைகளில் சிலுவை தொங்கலாமா என்ற வழக்கு, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரிய அமர்வுக்குப் போனது. 2011இல் பதினைந்துக்கு இரண்டு என்ற கணக்கில் தொங்கலாம் என்று தீர்ப்பு வந்தது. காரணங்களில் ஒன்று, சுவரில் இருக்கும் சிலுவை தானாக எதையும் செய்யாத சின்னம், பாடம் போலப் பிள்ளையின் மனதில் வேலை செய்வதில்லை என்பது. இத்தாலி அரசோ, சிலுவை மதத்தை மட்டுமல்ல, மேற்குலக நாகரிகத்தின் விழுமியங்களையும் குறிக்கிறது என்று வாதாடியது. வழக்கில் வென்றார்கள். ஆனால் விசுவாசியான ஒரு கிறிஸ்தவருக்கு இது வெற்றியா? மனிதருக்காக உயிர் விட்டவர் என்று நீங்கள் நம்புகிறவரின் பாடு, நாகரிகத்தின் அலங்காரமாகவும் எதையும் செய்யாத பொருளாகவும் ஆக்கப்பட்டால்தான் சுவரில் இருக்க முடியும் என்றால், அந்தச் சுவரில் எஞ்சியிருப்பது என்ன? கியூபெக்கிலும் நடந்தது அதுதான். மரபுரிமை என்று சொல்லிச் சொல்லியே பதினொரு வருடம் அதை அங்கே வைத்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஒரு கிழவி முத்தமிடுகிற சிலுவைக்கு இருக்கும் உயிர் அதற்கு இருக்கவில்லை. அரசின் சுவர் வெறுமையாக இருக்க வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டியவர்கள் கடவுளை நம்புகிறவர்களே என்று நான் நினைப்பது இதனால்தான்.

கனடாவின் உச்ச நீதிமன்றம் 2015இல், கியூபெக்கிலுள்ள சாகனே நகரசபைக் கூட்டத்தைச் செபத்துடன் தொடங்கும் வழக்கத்தை நிறுத்தியபோது, அரசு எந்த நம்பிக்கையையும் தூக்கிப் பிடிக்கக் கூடாது, எதற்கும் தடையாகவும் நிற்கக் கூடாது, நம்பாதவருக்கும் அதே இடம் வேண்டும் என்ற கருத்தைத் தெளிவாகச் சொன்னது. அந்தக் கருத்தின் முதற் பாதியைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் பாதியைக் கைவிட்டதுதான் 2019 யூனில் வந்த 21ஆம் இலக்கச் சட்டம்.

அந்தச் சட்டப்படி, அரசப் பாடசாலை ஆசிரியர், பொலிஸார், அரச வழக்கறிஞர் முதலானோர் கடமை நேரத்தில் மதச் சின்னம் அணிய முடியாது. உடை, நகை, தலையணி எதுவானாலும் சரி. வெளியே தெரிவது, உடுப்புக்குள் இருப்பது என்ற வேறுபாடு சட்டத்தின் வாசகத்தில் இல்லை. என் மகள் ஆசிரியப் பயிற்சியில் இருக்கிறாள். அவள் கழுத்தில் ஒற்றை உருத்திராட்சம், அவளுடைய அப்பம்மா, என் அம்மா, கட்டிவிட்டது. நெற்றியில் திருநீறு பூசினால் அது சட்டம் சொல்லும் ‘பொருள்’ ஆகுமா என்று அவள் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. உருத்திராட்சம் ஆகும் என்பது தெரியும். முக்காடும் தலைப்பாகையும் அணிகிறவர்களுக்கு இந்தச் சட்டம் இன்னும் கடுமை, அவர்களால் அதை நாங்கள் செய்வதுபோல் சட்டைக்குள்கூட விட முடியாது.

இந்தச் சட்டத்தை ஆதரிப்பவர்களிடம் பொருட்படுத்த வேண்டிய ஒரு வாதம் இருக்கிறது. சிறு பிள்ளைக்கு அரசு என்றால் முன்னால் நிற்கும் ரீச்சர்தான், ஆகவே சுவருக்கு உள்ள விதி அவருக்கும் வேண்டும் என்கிறார்கள். நான் இதை நீண்ட காலம் யோசித்தேன். எனக்குக் கணிதம் படிப்பித்தவர் வெள்ளை அங்கி போட்ட ஒரு குருவானவர். இடுப்புக் கயிற்றில் செபமாலை தொங்கும். அடுத்த பாடத்துக்கு வருபவர் மூன்று குறி திருநீற்றோடு வருவார். அவருக்குப் பிறகு வருகிறவர் கோயில், தேவாலயம் எதற்கும் போகாத இடதுசாரி. இவர்களில் எவரும் எனக்கு அரசாகவோ மதமாகவோ தெரியவில்லை. மனிதர் பலவிதம் என்பது தெரிந்தது, யார் நியாயமாகப் புள்ளி போடுகிறார் என்பதும் தெரிந்தது. சுவர் அப்படியல்ல. சுவருக்கு அடுத்த பாடம் கிடையாது, அது எல்லார் பேரிலும் ஒன்றையே சொல்லிக்கொண்டு நிற்கும். மகளின் கழுத்திலுள்ள மணி அவள் பேரில் மட்டும் பேசுகிறது. இரண்டையும் ஒன்றாக எண்ணும் சட்டம், அரசிடம் கேட்க வேண்டிய ஒதுக்கத்தை ஆட்களிடம் கேட்கிறது. சட்டசபைச் சிலுவை போனது சரி என்று நான் சொல்கிற அதே நியாயம்தான் இந்தத் தடை பிழை என்றும் சொல்ல வைக்கிறது.

எங்கள் பக்கத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2019 மார்ச்சில், சிவராத்திரிக்கு முதல்நாள், மன்னாரில் திருக்கேதீச்சரத்துக்குப் போகும் வீதியில் சைவர்கள் அமைத்த அலங்கார வளைவைக் கத்தோலிக்கர் சிலர் பிடுங்கி எறிந்தார்கள். அந்த இடத்தில் அவர்களுடைய தேவாலயம் இருக்கிறது. இரு தரப்பும் தமிழர், இரு தரப்பும் போரில் ஒன்றாக ஓடியவர்கள். 2023இல் ஆனையிறவில், ஏ9 வீதியோரம், பிரதேச சபை நடராசர் சிலையை எழுப்பியது. முகநூலில் அதன் படத்தைப் பார்த்து எங்கள் ஆட்கள் குளிர்ந்து போனார்கள். நடராசரை நான் தினமும் கும்பிடுகிறேன். ஆனாலும் அந்தப் படத்துக்குக் கீழே என்னால் நல்வார்த்தை எழுத முடியவில்லை. அந்த வீதியால் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் போகிறார்கள், சபைக்கு அவர்களும் வரி கட்டுகிறார்கள். புத்தருக்குப் பதில் நடராசர் என்று ஆக்கினால், திருகோணமலையில் நாங்கள் சொன்ன நியாயம் எங்கே போகும்? இதைச் சொன்னதற்காக ஒரு பழைய நண்பர் என்னோடு இப்போது பேசுவதில்லை.

2024 பெப்ரவரியில் கியூபெக்கின் மேன்முறையீட்டு நீதிமன்றம் 21ஆம் இலக்கச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. 2025 யனவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரிக்க ஒப்புக்கொண்டது. மகள் அடுத்த வருடம் படிப்பை முடிக்கிறாள். ஆற்றைத் தாண்டி ஒட்டாவாவில் வேலை பார், ஒன்ராறியோவில் இந்தத் தடை இல்லை என்கிறார் மனைவி. பிள்ளை நிம்மதியாக இருக்க வேண்டும் என்ற கவலை அவருக்கு. நான் மொன்றியலிலேயே விண்ணப்பிக்கச் சொல்கிறேன். நேர்முகத்துக்கு மணியோடு போகட்டும். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தரட்டும்.