வர்றவங்க ஒத்துக்க மாட்டாங்க

2019 மார்ச் 9, சனிக்கிழமை. கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் என்ற அக்கா பையனோடு உட்கார்ந்திருந்தேன். ஐ-லீக் கால்பந்தின் கடைசி நாள். சென்னை சிட்டி கிளப் அந்த சீசனில் கோவையைத்தான் சொந்த மைதானமாக வைத்து ஆடியது. ஜெயித்தால் சாம்பியன். சறுக்கினால், அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் கோப்பையைக் கொண்டுபோய்விடும். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே மினர்வா பஞ்சாப் ஒரு கோல் போட்டுவிட்டது. கூட்டம் அப்படியே அமுங்கிப்போனது. இடைவேளைக்குப் பிறகு நம்ம பையன்கள் மூன்று போட்டார்கள். 3-1. சென்னை சிட்டிக்கு 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. தமிழ்நாட்டுக் கிளப் ஒன்று முதல்முறையாக ஐ-லீக்கை வென்றது.

மறுநாள் காலையில் எங்கள் வீதி டீக்கடையில் ஒருத்தருக்கும் இந்தச் சேதி தெரியாது. கிரிக்கெட்டைப் பேசிக்கொண்டிருந்தார்கள். பையன் கேட்டான்: “மாமா, நம்மூர்லயே ஜெயிச்சிருக்கறாங்க. அப்பறம் எதுக்கு டிவில எப்பப் பாத்தாலும் அந்தப் பெரிய டீமுகளையே காட்டறாங்க?”

“பாக்கறவங்க சாஸ்தி, அதான் காட்டறாங்க” என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன். சொல்லி முடித்ததும் ஒரு மாதிரியாகிவிட்டது. இந்தப் பதிலை நான் இதற்கு முன்னால் எங்கேயோ கேட்டிருக்கிறேன்.

எங்கே கேட்டேன் என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். அந்த சீசனில் ஐ-லீக்கில் 11 அணிகள், 110 ஆட்டங்கள். ஒளிபரப்பு உரிமை ஸ்டார் ஸ்போர்ட்சிடம். 2018 டிசம்பர் கடைசியில், சீசன் பாதியில் இருக்கும்போது, மீதி ஆட்டங்கள் எல்லாவற்றையும் காட்டப்போவதில்லை, ஒரு பகுதியை மட்டுமே காட்டுவோம் என்ற முடிவு வெளியானது. கிளப்புகள் கொதித்தன. கால்பந்துச் சம்மேளனத்துக்குக் கடிதம் எழுதின. சீசன் முடிந்ததும் பல ஐ-லீக் கிளப்புகள் சூப்பர் கோப்பையைப் புறக்கணித்தன. அதே சேனலில் இன்னொரு லீக் ஓடிக்கொண்டிருந்தது. 2014இல் தொடங்கிய ஐ.எஸ்.எல். நடிகர்களும் கிரிக்கெட் நட்சத்திரங்களும் பங்குதாரர்களாக நின்று, வாண வேடிக்கையோடு வந்த லீக். அதை நடத்திய நிறுவனத்தில் ரிலையன்சோடு ஸ்டாருக்கும் பங்கு இருந்தது. காட்டுகிறவனே கடைக்குச் சொந்தக்காரன். தராசைப் பிடித்திருக்கிற கையும் சரக்கை விற்கிற கையும் ஒன்று.

அடுத்தது இன்னும் முக்கியம். 2019-20 முதல் ஐ.எஸ்.எல்.தான் நாட்டின் முதல்நிலை லீக் என்றானது. 2020இல் கொல்கத்தாவின் இரண்டு பெரிய கிளப்புகளும் அதற்குள் போயின. மோகன் பகான் ஏ.டி.கே.யோடு இணைந்து போனது. ஈஸ்ட் பெங்கால் புது முதலீட்டாளரோடு போனது. கோவையில் ஒரு புள்ளியில் கோப்பையை இழந்த ஈஸ்ட் பெங்கால் உள்ளே. கோப்பையை வென்ற சென்னை சிட்டி வெளியே. வென்று மேலே ஏறுகிற ஏணியே அப்போது அங்கே கிடையாது. 2023இல்தான் ஐ-லீக்கை வென்று ஒரு அணி, பஞ்சாப் எஃப்.சி., மேலே ஏறியது. 2020-21க்குப் பிறகு சென்னை சிட்டி ஐ-லீக்கிலேயே இல்லை. ஒளிபரப்பு ஒன்றுதான் இதற்கெல்லாம் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் திறமைக்கு ஒரு கணக்கு, கூட்டத்துக்கு ஒரு கணக்கு, இரண்டாவது கணக்குத்தான் செல்லுபடியாகும் என்பது நம் கண்முன்னே எழுதப்பட்டது.

இப்போது எதிர்த்தரப்பின் வாதத்தை நேர்மையாக வைக்க வேண்டும். ஒளிபரப்பாளன் தர்மகர்த்தா இல்லை, வியாபாரி. ஒரு ஆட்டத்தைக் காட்ட வண்டி, கேமரா, ஆட்கள், செயற்கைக்கோள் நேரம் எல்லாவற்றுக்கும் காசு ஆகிறது. விளம்பரக்காரன் தலைகளை எண்ணித்தான் பணம் தருகிறான். பத்துப் பேர் பார்க்க விரும்புவதைக் காட்டிலும் பத்து லட்சம் பேர் பார்க்க விரும்புவதைக் காட்டினால் அதிகம் பேருக்குச் சந்தோஷம். இதில் என்ன அநீதி?

அந்தப் பிரபலமும் சும்மா வந்ததில்லை. மோகன் பகான் 1889இல் தொடங்கிய கிளப். 1911 ஜூலை 29இல் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியாட்டத்தில் ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்ட்டை 2-1 என்று, பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி, தோற்கடித்தார்கள். ஈஸ்ட் பெங்கால் 1920இல் தொடங்கியது. 1947க்குப் பிறகு ஊரையும் நிலத்தையும் இழந்து கொல்கத்தாவுக்கு வந்த அகதிகள் அந்தச் சிவப்பு மஞ்சள் சட்டையில் தங்கள் ஊரைப் பார்த்தார்கள். அந்தப் பிரியத்தை நான் ஏளனம் செய்யமாட்டேன். ஊர் இல்லாதவனுக்கு ஒரு கொடி என்ன அர்த்தம் தரும் என்று சேரிக்காரனுக்குத் தெரியாதா?

ஆகவே பிரபலமாக இருப்பது குற்றமில்லை. பிரபலமானதை விரும்புவதும் குற்றமில்லை. கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது.

அவிநாசிப் பக்கம் எங்கள் ஊரில், எண்பதுகளில், டீக்கடைக்கு வெளியே எங்களுக்குத் தனி டம்ளர் கவிழ்த்து வைத்திருக்கும். அதற்கு முந்தின காலத்தில் செரட்டை. குடித்துவிட்டு நாமே கழுவி வைக்க வேண்டும். டவுனில் படித்துக்கொண்டிருந்த நான் லீவுக்கு வந்தபோது என் அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார்: “சாமி, பையன் காலேசு போறானுங்க. கிளாஸ்ல குடுங்க சாமி.” கடைக்காரர் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்: “எனக்கொண்ணும் இல்லடா. நாங் குடுத்துருவேன். வர்றவங்க ஒத்துக்க மாட்டாங்க. அப்பறம் கடையச் சாத்தீட்டு நானும் உன்ற கூடக் காட்டு வேலைக்குத்தான் வரோணும்.”

நான் பையனுக்குச் சொன்ன பதில் இதுதான். ‘எனக்கொண்ணும் இல்லை, வர்றவங்களுக்குப் புடிக்காது.’

இரண்டும் ஒன்று என்று சொன்னால் அது பொய். அங்கே ஒரு மனிதனின் மானம் மிதிபட்டது. இங்கே ஒரு ஆட்டம் காட்டப்படாமல் போனது. சேனல்காரன் யாரையும் தீட்டு என்று தள்ளி வைக்கவில்லை. ஆனால் நியாயத்தின் வடிவம் ஒன்று. முடிவெடுப்பவன் முடிவுக்குப் பொறுப்பேற்காமல், அதைக் கண்ணுக்குத் தெரியாத ‘வர்றவங்க’ தலையில் இறக்கி வைத்துவிடுகிறான். அந்த ‘வர்றவங்க’ யார்? அவர்களை யார் கேட்டது? அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு, கடைக்குள்ளும் ஓட்டலுக்குள்ளும் சாதியைச் சொல்லி எவரையும் தடுக்கக் கூடாது என்று எழுதியபோது, வாடிக்கையாளருக்குப் பிடிக்குமா என்று கேட்டுக்கொண்டு எழுதவில்லை. 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தபோது டீக்கடைக்காரரின் வியாபாரக் கணக்கைப் பார்க்கவில்லை. விருப்பம் என்பது கேள்விக்கு அப்பாற்பட்டது அல்ல என்பது நாம் விலை கொடுத்துக் கற்ற பாடம்.

விருப்பம் எப்படி உண்டாகிறது என்பதையும் பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் கோயில் நோம்பிக்குக் கபடிப் போட்டி நடத்துவார்கள். எங்கள் காலனி டீமின் ஆட்டத்தை மத்தியானம் ரெண்டு மணி வெயிலில் போடுவார்கள். ஊர் டீமின் ஆட்டம் ராத்திரி, டியூப் லைட்டு கட்டி, மைக்செட்டோடு. “ஏனுங்க, எங்களுக்கும் ராத்திரி ஒண்ணு போடுங்க” என்று கேட்டால், “நீங்க ஆடுனா ஆரு பாக்கறது?” என்பார்கள். வெயிலில் ஆடியதால் ஆள் வரவில்லை. ஆள் வராததால் வெயிலில் போட்டார்கள். ஒரு வருசம் நாங்கள் ஜெயித்தேவிட்டோம். மறுநாள் ஒரு பத்திரிகையில் படம் வந்தது. தோற்ற டீமின் படம்.

காட்டாததால் தெரியவில்லை, தெரியாததால் காட்டவில்லை. இந்தச் செக்கை முதலில் யார் சுற்றிவிட்டது என்று கேட்டால் பதில் வராது. ‘மக்கள் கேக்கறாங்க’ என்பார்கள். மக்கள் எதைக் கேட்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்த வாயும் அதே வாய்தான்.

1911ஐ மறுபடியும் எடுத்துக்கொள்வோம். மோகன் பகான் ஷீல்டை வென்ற அதே வருசக் கோடையில் பல்வங்கர் பாலு இங்கிலாந்தில் பந்து வீசிக்கொண்டிருந்தார். சாமர் சாதியில் பிறந்தவர். புனாவில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் மைதான வேலை பார்த்தவர். அந்தப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தார். திரும்பி வந்தபோது பம்பாயில் ஒடுக்கப்பட்ட மக்கள் அவருக்கு வரவேற்பு கொடுத்தார்கள். ஆனால் இந்து அணிக்குத் தலைவர் பதவி அவருக்குத் தரப்படவில்லை. அவருடைய தம்பி விட்டலுக்கு 1923இல்தான் அது கிடைத்தது. இன்றைக்கும் ஜூலை 29 மோகன் பகான் நாள். பாலுவுக்கு அப்படி ஒரு நாள் இல்லை. ராமச்சந்திர குஹாவின் கிரிக்கெட் வரலாற்று நூல் 2002இல் வந்த பிறகுதான் நம்மில் பலர் அந்தப் பெயரையே கேள்விப்பட்டோம். ஒரே வருசத்தின் இரண்டு சாதனைகள். ஒன்றை வருசா வருசம் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். இன்னொன்றைச் சொல்லவில்லை. பிரபலம் என்பது பெருமளவுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பதன் பலன்.

சந்தை தன் சொந்த விதியையாவது ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறதா? 1920 ஜனவரி 31இல் பாபாசாகேப் ‘மூக்நாயக்’ பத்திரிகையைத் தொடங்கினார். அதற்குக் காசு கொடுத்து விளம்பரம் போடக் கேட்டபோது திலகரின் ‘கேசரி’ மறுத்துவிட்டது. ‘காசு வந்தால் போடுவோம், அதுதான் வியாபாரம்’ என்கிற வாதம் அங்கே எங்கே போனது? நாம் காசு கொடுக்க முடியாதபோது சந்தையின் விதி பேசுவார்கள். காசு கொண்டுபோனால் வேறு விதி பேசுவார்கள்.

அப்படியானால் என்ன செய்யச் சொல்கிறாய், எல்லா ஆட்டத்தையும் சமமாகக் காட்டச் சொல்கிறாயா என்று தோழர்கள் கேட்கலாம். இல்லை. விரும்புவது வேறு, காட்டுவது வேறு, பங்கு பிரிப்பது வேறு. விரும்புவது அவரவர் மனசு. அதில் சட்டம் நுழைய முடியாது. காட்டுவது அதிகாரம். அதற்கு வரம்பு வேண்டும். பங்கு பிரிப்பது நீதி. அதற்கு விதி வேண்டும்.

முதலாளித்துவத்தின் தாய்வீடான இங்கிலாந்திலேயே இதைச் செய்திருக்கிறார்கள். 1992இல் தொடங்கிய பிரிமியர் லீக்கில், உள்நாட்டுத் தொலைக்காட்சிப் பணத்தில் பாதியை எல்லாக் கிளப்புக்கும் சமமாகப் பிரித்தார்கள். கால் பங்கு பட்டியலில் பிடித்த இடத்துக்கு. கால் பங்கு எத்தனை முறை காட்டப்பட்டார்கள் என்பதற்கு. அதிலும் குறைவாகக் காட்டப்பட்ட கிளப்புக்கும் குறைந்தபட்சம் இத்தனை ஆட்டத்துக்கான பணம் என்று ஒரு வரையறை வைத்தார்கள். ஸ்பெயினில் ஒவ்வொரு கிளப்பும் தனித்தனியாக விற்று, ரியல் மாட்ரிட்டும் பார்சிலோனாவும் பெரும்பங்கை அள்ளிக்கொண்டிருந்தன. 2015இல் அரசு ஆணை போட்டுக் கூட்டாக விற்கச் செய்தது. பெரிய கிளப்புக்கு இன்றும் அதிகம்தான். ஆனால் கீழே ஒரு தரை போடப்பட்டது. பெரிய கிளப் தனியாக ஆட முடியாது, எதிரே ஒரு சின்னக் கிளப் நின்றால்தான் ஆட்டம் என்பதை ஒத்துக்கொண்டதன் அடையாளம் அது.

நம் நாட்டில் இதற்கு அடிப்படை இல்லாமல் இல்லை. ஹீரோ கோப்பை கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம், அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று சொன்னது. தேசிய முக்கியத்துவம் உள்ள விளையாட்டு ஒளிபரப்பைப் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்று 2007இல் சட்டம் வந்தது. பொதுச்சொத்து என்றால் என்ன என்று நமக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. மகாத் நகராட்சி சவ்தார் குளத்தை 1924இலேயே எல்லோருக்கும் திறந்ததாகத் தீர்மானம் போட்டது. 1927 மார்ச் 20இல் பாபாசாகேப் போய்த் தண்ணீரை அள்ளுகிற வரைக்கும் அது தீர்மானமாகவே கிடந்தது. குளத்துக்குப் பக்கத்தில் வீடு இருப்பதாலேயே குளம் அவனுடையதாகிவிடாது. நிறையக் குடம் வைத்திருப்பவன் நிறைய மொண்டுகொள்ளட்டும். ஒரு குடத்தோடு வருகிறவளைப் படியிலேயே நிறுத்தாதே என்பதுதான் கேள்வி.

இதோடு முடித்தால் எனக்குச் சுகமாக இருக்கும். ஆனால் பையன் கேட்ட கேள்வி என்னை விடவில்லை.

2019 மே மாதம் மதுரையின் சேது எஃப்.சி. இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. ஆண்கள் ஐ-லீக்கும் பெண்கள் லீக்கும் ஒரே வருசத்தில் தமிழ்நாட்டுக்கு வந்தன. கோவையில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிய எனக்கு இது தெரிந்தது பல மாதம் கழித்து. நான் தேடவில்லை. ‘வர்றவங்க’ வரிசையில் நானும் நின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

இன்னும் வீட்டுக்குள்ளே வந்தால், தலித் இலக்கியம் என்றதும் நம் கூட்டங்களில் வரிசையாகச் சொல்லப்படுகிற பெயர்கள் எந்தப் பகுதியைச் சேர்ந்தவை, எந்தச் சாதியைச் சேர்ந்தவை? கொங்கில் சாக்கடைக்குள் இறங்குகிறவனுக்கும் தோல் பதனிடுகிறவனுக்கும் அதில் எத்தனை பக்கம்? 2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடு வந்தபோது, ‘ஒற்றுமை குலையும்’ என்று முகம் சுளித்தவர்கள் நம் தோழர்களிலும் இருந்தார்கள். 2024 ஆகஸ்ட் 1இல் உச்ச நீதிமன்றம் உள்ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்புச் சொன்ன பிறகும் அந்தச் சுளிப்பு முழுசாகப் போகவில்லை. “நாங்க என்ன வேண்டாம்னா சொல்றோம், நல்லா எழுதுனாப் போடறோம், படிக்கறவங்களுக்கும் புடிக்கோணுமில்ல” என்று ஒரு கூட்டத்தில் ஒரு தோழர் என்னிடம் சொன்னார். நல்ல மனிதர். கோபப்படாமல், மெதுவாகத்தான் சொன்னார்.

படிநிலையாக அடுக்கப்பட்ட சமத்துவமின்மை என்று பாபாசாகேப் சொன்னது இதைத்தான். ஒவ்வொரு படியிலும் நிற்கிறவனுக்கு மேல்படியைப் பார்த்து வருகிற கோபம், கீழ்படியைப் பார்க்கும்போது வியாபார நியாயமாக மாறிவிடுகிறது.

பையனுக்கு இப்போது இருபது வயசு தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் காலனிப் பொடிசுகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறான். பொட்டப்புள்ளைகளும் வருகிறார்கள். போன மாசம் அவர்களுக்குள் ஒரு போட்டி நடத்தினான். செல்போனில் படம் பிடித்தான். முதலில் யாரோட ஆட்டத்தப் போடறது என்று யாரோ கேட்டார்கள். “தோத்துக்கிட்டே இருக்கறாங்கல்ல, அவங்களோடத முதல்ல போடலாம். அவங்க ஆடறதையும் நாலு பேரு பாக்கட்டும்” என்றான்.

அன்றைக்கு டீக்கடையில் நான் சொன்ன பதிலை அவன் ஏற்றுக்கொள்ளவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.